இணையதளம் சோறு போடுமா? நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

நாஞ்சில் நாட்டில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. எழுதியே பிழைத்தவர்கள்தான் அரிது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தார். பொன்னீலன் கல்வித்துறை அதிகாரி. நாஞ்சில் நாடன் வேலை தேடி பம்பாய்க்கு ரயிலேறி, விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்தார். சாகித்திய அகாதெமி விருதும் பெரும்பேரும் வந்த பிறகும் வீட்டில் உலை கொதித்தது வேறு தொழிலால்தான்.

2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம், நாஞ்சில் நாடு அமைந்த கன்னியாகுமரி. பத்திரிகைகளும் பெரும் பதிப்பகங்களும் குவிந்து கிடந்த சென்னையோ ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு அப்பால். இணையம் இந்தத் தூரத்தை இல்லாமல் ஆக்கியது. நாகர்கோவிலில் காலையில் ஏற்றுகிற கட்டுரையை அடுத்த நிமிடமே துபாயிலும் டொராண்டோவிலும் வாசிக்கலாம். அப்படியானால் காசும் அதே வேகத்தில் திரும்பி வருகிறதா? இணையதளம் வளர்த்துச் சம்பாதிப்பது பற்றி இங்கே பலரும் கேட்பது இதைத்தான். இந்த மண்ணிலேயே அதற்குச் சான்றுகள் உண்டு. அவற்றைப் பார்த்தால் புலப்படுவது ஒன்று: தமிழில் இணையதளம் பணத்தை நேராகத் தருவது குறைவு. அது சம்பாதித்துக் கொடுப்பது நம்பிக்கையை. அந்த நம்பிக்கை வேறு இடத்தில், வேறு கடையில் பணமாக மாறுகிறது.

வந்த வழி

1999இல் தொடங்கிய 'திண்ணை' இணைய இதழ், அச்சிதழ்களில் இடம் கிடைக்காத நீண்ட கட்டுரைகளுக்கும் விவாதங்களுக்கும் இடம் கொடுத்தது. ஜெயமோகன் உட்படப் பலர் இணைய வாசகரை முதலில் சந்தித்தது அங்கேதான். அப்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாதவருக்குத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு பரவலாகி, இகலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைத்த பிறகுதான் சாதாரண ஆள் தமிழில் எழுதி ஏற்றுவது சாத்தியமானது.

2003ஆம் ஆண்டு பல வகையில் முக்கியமானது. பிளாக்கர் சேவையை கூகுள் வாங்கியது, வேர்ட்பிரஸ் வந்தது, வலைப்பக்கங்களில் விளம்பரம் போட்டுப் பங்கு கொடுக்கும் ஆட்சென்ஸ் தொடங்கியது. தமிழில் வலைப்பதிவுகள் எழுதப்பட்டதும் அந்த ஆண்டிலிருந்துதான். 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய 'தமிழ்மணம்' திரட்டி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே முற்றத்தில் கொண்டுவந்து சேர்த்தது. புதிதாக ஒருவர் எழுதினால் அன்று மாலைக்குள் நூறு பேர் பார்த்துவிடும் வசதி அது. பின்னர் கூட்டம் முகநூலுக்குப் பெயர்ந்தது. பதிவுகளைத் திரட்டி வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது. திரட்டிகளை நம்பியிருந்த பதிவர்கள் வாசகரை இழந்தார்கள். சொந்த முகவரி வைத்து, வாசகரை நேராகத் தங்கள் தளத்துக்கே வரப் பழக்கியவர்கள் மிஞ்சினார்கள்.

விளம்பரக் கணக்கு

பணம் என்றதும் எல்லாரும் நினைப்பது ஆட்சென்ஸைத்தான். ஆனால் தமிழ்ப் பக்கங்களுக்கு அது முறையாகத் திறக்கப்பட்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தமிழில் எழுதியவருக்கு விண்ணப்பம் திரும்பி வரும். தமிழ் வலைப்பதிவின் பொற்காலம் என்று சொல்லப்படும் பத்தாண்டுகள் பெரும்பாலும் விளம்பர வருமானம் இல்லாமலே கழிந்தன.

திறந்த பிறகும் கணக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. பக்கத்தில் தோன்றும் விளம்பரம் ஒவ்வொன்றும் ஏலத்தில் எடுக்கப்படுகிறது. விளம்பரதாரர் காசு கொடுப்பது எழுத்துக்காக அல்ல, வாங்கக்கூடிய ஆளுக்காக. காப்பீடு, வீட்டுக்கடன், வெளிநாட்டுப் படிப்பு பற்றிய ஆங்கிலப் பக்கத்துக்குப் போட்டி அதிகம். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடையைப் பற்றிய தமிழ்ப் பக்கத்துக்கு ஏலம் கேட்க ஆளே குறைவு. அதே பக்கத்தை மார்த்தாண்டத்தில் ஒருவர் திறந்தால் ஒரு விலை, டொராண்டோவில் ஒருவர் திறந்தால் அதைவிடக் கூடுதல் விலை. விளம்பரதாரர் தரும் நூறு ரூபாயில் ஏறக்குறைய 68 ரூபாய் தளக்காரருக்கு வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்சென்ஸ் பணம் அனுப்ப இருப்பு 100 டாலரைத் தொட வேண்டும். டாலர் 85 ரூபாய் என்றால் அது 8,500 ரூபாய். அதை மாதந்தோறும் எடுக்க 2,12,500 பார்வைகள் தேவை. 2011இல் நாகர்கோவில் நகரத்தின் மக்கள்தொகையே ஏறக்குறைய 2.25 லட்சம். வடசேரி முதல் கோட்டாறு வரை ஏறக்குறைய எல்லாரும், கைக்குழந்தை உட்பட, மாதம் ஒருமுறை நம் பக்கத்தைத் திறந்தால்தான் 8,500 ரூபாய்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. இருப்பு 10 டாலரைத் தொட்டதும் முகவரியை உறுதிசெய்ய ஒரு ரகசிய எண் சாதாரணத் தபாலில் வரும். நம் ஊர்ப்பக்கம் பல விளைகளில் கதவு எண்ணைவிட வீட்டுப்பெயரும் அப்பா பெயரும்தான் தபால்காரருக்கு அடையாளம். பதிவு செய்யும்போது அவற்றையும் சேர்த்து எழுதாதவர்களின் கடிதம் தபால் நிலையத்திலேயே சுற்றும். மூன்று வாரம் பொறுத்து மறு எண் கேட்கலாம்; நான்கு மாதத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். பணம் டாலர் கணக்கில் புறப்பட்டு வங்கியில் ரூபாயாக மாறும். வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டியே ஆக வேண்டும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வரும். அந்தக் கவலை பெரும்பாலோருக்கு வரப்போவதில்லை.

இன்னொரு பொறி, சொந்தக்காரர்களின் அன்பு. கல்லூரி விடுதித் தோழர்களையும் மாமா பிள்ளைகளையும் விளம்பரத்தைச் சொடுக்கச் சொன்னால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஒருமுறை முடங்கிய கணக்கை மீட்பது பெரும்பாடு. 'அங்கீகாரம் பெற்ற கணக்கு விற்பனைக்கு' என்று வருவதும், 'மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்' என்று பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் கேட்பதும் வேறு பொறிகள். அந்த வகுப்புகளில் நிச்சயமாகச் சம்பாதிப்பவர் வகுப்பு எடுப்பவர் மட்டுமே.

வருகிறவரும் தங்குகிறவரும்

தளத்துக்கு வருகிறவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். தேடுபொறி வழியாக ஒரு கேள்வியோடு வந்து, விடை கிடைத்ததும் போகிறவர் ஒரு வகை. எழுதுகிறவரைத் தேடித் தினமும் வருகிறவர் இன்னொரு வகை.

முதல் வகைக்குக் குமரி மாவட்டம் நல்ல நிலம். விவேகானந்தர் பாறைக்குப் படகு எத்தனை மணிக்கு, சித்ரா பௌர்ணமியன்று சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் எங்கே நின்று சேர்த்துப் பார்க்கலாம், சிவாலய ஓட்டத்தில் திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்களின் வரிசை என்ன, கோட்டாறு சவேரியார் திருவிழா கொடியேற்றம் என்றைக்கு, கடல் சீற்றத்தால் படகு நிறுத்தமா? ஆண்டுதோறும் இதே கேள்விகள் இதே பருவத்தில் திரும்பி வரும். 2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதும் புதிய கேள்விகள் முளைத்தன. இவற்றுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறவரின் பக்கம், சென்னையிலோ நொய்டாவிலோ உட்கார்ந்து நகலெடுத்து எழுதுகிறவரின் பக்கத்தைவிட உறுதியாக நிற்கும். எந்தக் கோயில் எந்தச் சந்தில் இருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த வாசகர் விருந்தாளி. படகு நேரம் தெரிந்ததும் பக்கத்தை மூடிவிடுவார்; எழுதியவர் பெயரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மேலும், இப்போது தேடுபொறியே செயற்கை நுண்ணறிவால் விடையைத் தொகுத்து முதல் பக்கத்தில் காட்டிவிடுகிறது. நேரம், கட்டணம், தூரம் போன்ற சிறு விடைகளை நம்பி மட்டும் தளம் நடத்துவது இனி கடினம். கேள்விக்கு விடையாக வந்தவரை இரண்டாம் பக்கத்துக்கு இழுத்துச் செல்லும் சரக்கு உள்ளே இருக்க வேண்டும்.

அருகிலேயே உள்ள பெரிய சான்று

இரண்டாம் வகை வாசகரைக் கொண்டு தளம் வளர்ந்ததற்குத் தமிழில் காட்டக்கூடிய முதன்மையான உதாரணம் நாகர்கோவிலிலிருந்து எழுதப்படும் ஜெயமோகனின் தளம். 2000களின் பிற்பகுதியில் தொடங்கியது. 2008இல் திரை நடிகர்களைப் பற்றி அதில் வந்த அங்கதக் கட்டுரைகளை 'ஆனந்த விகடன்' எடுத்துப் பேச, பெரும் சர்ச்சை வெடித்தது. வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் வந்தது. சர்ச்சை கொண்டுவந்த கூட்டம் சர்ச்சையோடு போய்விடும் என்பதுதான் பொது விதி. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி தங்கியதற்குக் காரணம், மறுநாளும் அதற்கு மறுநாளும் அங்கே படிக்க ஏதாவது இருந்ததுதான். கட்டுரை, கதை, பயணக்குறிப்பு, வாசகர் கடிதம், அதற்கு விரிவான பதில். வாசகரின் கடிதத்தையே தளத்தின் உள்ளடக்கமாக்கியது அதன் வளர்ச்சியில் முக்கியமான உத்தி. எழுதினால் பதில் வரும் என்று தெரிந்த வாசகர் விலகமாட்டார்.

2011இல் 'அறம்' வரிசைக் கதைகள் அங்கே அடுத்தடுத்து வந்தன. எல்லாம் இலவசம். அதே ஆண்டில் வம்சி பதிப்பகம் வெளியிட்ட புத்தகம் பல பதிப்புகள் கண்டது. இணையத்தில் முழுக்கக் கிடைக்கும் ஒன்றைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்ற பதிப்பாளர்களின் பயத்தைத் தகர்த்த புத்தகம் அது. 2022இல் பிரியம்வதா ராம்குமாரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. அந்த வரிசையிலுள்ள 'சோற்றுக்கணக்கு' கதையில் வரும் கெத்தேல் சாகிப் திருவனந்தபுரத்தில் சோற்றுக்கடை வைத்திருப்பவர். சாப்பிட்டவரிடம் காசு கேட்கமாட்டார். டப்பாவில் போடுகிறவர் போடலாம், இல்லாதவர் போகலாம். இலவசமாகப் படிக்கக் கொடுத்துவிட்டு, முடிந்தவர் புத்தகம் வாங்கட்டும் என்று விடுவதும் அந்தச் சாப்பாட்டுக்கடையின் பொருளாதாரம்தான். அதில் கடை நிற்கிறது என்பதுதான் வியப்பு.

2014 ஜனவரி 1 அன்று அதே தளத்தில் 'வெண்முரசு' தொடங்கியது. மகாபாரதத்தை நாவல் வரிசையாக, நாளுக்கு ஓர் அத்தியாயம். சில சிறு இடைவெளிகளோடு 2020 ஜூலை வரை ஓடி 26 நாவல்களாக முடிந்தது. சண்முகவேலின் ஓவியங்களோடு கூடிய செம்பதிப்புகள் முன்பதிவின் மூலம் விற்கப்பட்டன. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாமல் அச்சடித்துக் கிட்டங்கியில் அடுக்கிவைக்கும் தமிழ்ப் பதிப்புலகில் முன்பணம் வாங்கிக்கொண்டு கனமான நூல்களை அச்சேற்ற முடிந்தது பெரிய மாற்றம். தினமும் வாசித்த வாசகர்கள் யார், எங்கே என்று தளத்தின் மூலம் தெரிந்ததால்தான் அது நடந்தது. 2020 ஊரடங்கு மாதங்களில் நூற்றுக்கு மேற்பட்ட சிறுகதைகள் அதே தளத்தில் வெளிவந்தன. அவையும் பின்னர் தொகுப்புகளாயின.

வாசகர்கள் திரையோடு நிற்கவில்லை. 2009இல் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் அமைந்தது. 2010இல் அதன் முதல் விருது எழுத்தாளர் ஆ. மாதவனுக்கு. கோவையில் ஆண்டுதோறும் விருது விழா, ஊட்டியில் இலக்கியச் சந்திப்பு, அந்தியூருக்கு அருகே மலையில் தங்கிப் பயிலும் கட்டண வகுப்புகள், சொந்தப் பதிப்பகம், 2022இல் தொடங்கிய தமிழ் விக்கி இணையக் கலைக்களஞ்சியம். இவற்றில் பல லாபத்துக்கானவை அல்ல. சில செலவு வைப்பவை. ஆனால் அத்தனைக்கும் அடித்தளம் தினமும் காலையில் திறக்கப்படும் ஒரு பக்கம்.

இதில் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. ஜெயமோகனின் வாழ்க்கைச் செலவைப் பெரும்பாலும் தாங்கியது திரைக்கதை எழுத்து. இதை அவரே பலமுறை எழுதியிருக்கிறார். 'நான் கடவுள்', 'அங்காடித் தெரு' முதல் 'பொன்னியின் செல்வன்' வரையிலான படங்கள். தமிழில் இவ்வளவு வாசிக்கப்படும் தளத்துக்கே நிலைமை இதுவென்றால், புதிதாகத் தொடங்குகிறவர் வேலையை விட்டுவிட்டு எழுத உட்காரலாமா என்ற கேள்விக்கு விடை தெளிவு. குலசேகரத்துப் பக்கம் ரப்பர் நட்டவர் பால் வெட்ட ஏழு ஆண்டு காத்திருப்பார். அதுவரை ஊடுபயிர் போட்டு வீட்டை ஓட்டுவார். தளம் வைப்பவருக்கும் அந்த ஊடுபயிர் வேண்டும்.

புத்தகமும் பொட்டலமும்

தளத்தைக் கடைவாசலாக வைத்த இன்னொரு நாகர்கோவில் உதாரணம் 'காலச்சுவடு'. 1988இல் சுந்தர ராமசாமி தொடங்கிய இதழ், 1994இல் அவருடைய மகன் கண்ணனின் பொறுப்பில் மீண்டும் வந்து, பின்பு பதிப்பகமாகவும் விரிந்தது. இதழின் கட்டுரைகள் இணையத்தில் படிக்கக் கிடைத்தன. படித்தவர் நூல்பட்டியலுக்குப் போனார். நாகர்கோவிலிலிருந்து புத்தகக் கட்டுகள் போகாத ஊரில்லை என்று ஆனதில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வாசலுக்கும் பங்குண்டு. நாஞ்சில் நாடனுக்கோ அவருடைய கட்டுரை, கதைகளை ஒரு வாசகரே தொகுத்துத் தளமாக நடத்தினார். எழுத்தாளர் தொழில்நுட்பம் கற்றே ஆக வேண்டும் என்பதில்லை. ஆர்வமுள்ள ஒரு வாசகர் கிடைத்தாலும் போதும்.

தனியாள் புத்தகத்துக்கும் வழி உண்டு. 2016 டிசம்பரில் அமேசான் கிண்டில் தமிழைச் சேர்த்தது. வலைப்பதிவில் எழுதியதைத் திருத்திச் செப்பனிட்டு மின்னூலாக ஏற்றுவது செலவில்லாத வேலை. விலையில் 35 அல்லது 70 சதவீதம் எழுதியவருக்கு. இந்தியாவில் 70 வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும் தருவதில்லை என்று ஒப்ப வேண்டும். வலைப்பதிவில் இலவசமாகக் கிடப்பதை அப்படியே விட்டு இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்து மாட்டிக்கொள்வோர் உண்டு. 2016இலேயே வந்த யுபிஐ, வாசகர் விரும்பிக் கொடுக்கும் ஐம்பது ரூபாயையும் சிரமமில்லாமல் வாங்க வழிசெய்தது.

எழுத்தாளர் அல்லாதவர்களுக்குத்தான் தளம் இன்னும் வேகமாகப் பயன்படுகிறது. மார்த்தாண்டம் தேன், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழம், வடசேரியின் கோயில் நகைகள். இந்தக் கடைசிச் சரக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. கெம்புக்கல் பதித்த நடன நகைகளுக்கு வாங்குவோர் உலகெங்கும் இருக்கிறார்கள்: பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குத் தயாராகும் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும். நியூ ஜெர்சியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது என்ன? பத்து வயதுப் பெண்ணுக்கு ஒட்டியாணம் எத்தனை அங்குலம், இடுப்பை எங்கே அளப்பது, நெற்றிச்சுட்டியை எப்படிப் பின்னால் கட்டுவது, ராக்கொடி சறுக்காமல் இருக்க என்ன செய்வது, சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் எந்தப் பக்கம், வியர்வை பட்டால் கறுக்குமா, எத்தனை நாளில் வந்து சேரும். இதையெல்லாம் அழகான படங்களோடு எழுதிவைத்த பக்கத்துக்கு மாதம் ஐந்நூறு பேர் வந்தால் போதும். அவர்களில் பத்துப் பேர் ஆர்டர் கொடுத்தால் லட்சம் பார்வைக்குக் கிடைக்கும் விளம்பரக் காசு தூசு. பக்கத்துப் பட்டறையில் கல் பதிக்கும் ஆசாரிக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதுகிறவர் இருந்தால் அது நடக்கும். இணையத்தில் இன்று அபூர்வமாக இருப்பதும் அப்படிக் கேட்டு எழுதுகிறவர்தான்.

தோவாளைப் பூவும் கடல்மீனும் அன்றன்றைக்கு விற்றுத் தீர வேண்டியவை. அவற்றுக்குத் தளத்தைவிட வாட்ஸ்அப் குழுவே தோது. எல்லாச் சரக்குக்கும் இணையதளம் வேண்டும் என்பது தவறான உபதேசம்.

இழக்கும் வழிகள்

வளர்த்தவற்றை இழப்பது எளிது. தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தால் வேறொருவர் அதை வாங்கிக்கொள்வார். பத்தாண்டு உழைப்பின் முகவரியில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். முகநூலில் மட்டுமே எழுதியவர் கணக்கு முடங்கினால் எழுத்தும் வாசகரும் ஒருசேரப் போகும். கூகுள் தன் வரிசைமுறையை மாற்றும்போதெல்லாம் தேடலை மட்டும் நம்பிய தளங்கள் ஓரிரவில் சரிந்திருக்கின்றன. எழுதியதை அப்படியே எடுத்துத் தன் பெயரில் போடுகிறவர்களும் உண்டு. இவற்றுக்கான காப்புகள் எளியவை: பெயரைச் சொந்தமாக வைத்திருப்பது, சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டணம் கட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் வைப்பது, வாசகரின் மின்னஞ்சல் பட்டியலைத் தன் கையில் வைப்பது. இந்தக் கடைசியானதை யாரும் முடக்க முடியாது.

தொகுத்துப் பார்த்தால்

நாஞ்சில் நாட்டுச் சான்றுகள் ஒரே திசையில் நிற்கின்றன. பார்வை எண்ணிக்கையை வைத்துப் பணம் கணக்கிட்டவர்கள் சோர்ந்துபோனார்கள். திரும்பி வருகிறவரை எண்ணியவர்கள் புத்தகமாகவோ வகுப்பாகவோ நகைப்பெட்டியாகவோ அதைக் காசாக்கினார்கள். ஆகவே தொடங்க நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. எனக்குத் தெரிந்து வேறெவருக்கும் இவ்வளவு நெருக்கமாகத் தெரியாதது எது? அதை வாரத்தில் சில நாட்களாவது, பல ஆண்டுகளுக்கு எழுத எனக்குத் தெம்பு உண்டா? என்னை நம்பத் தொடங்கியவருக்கு நான் விற்கப்போவது என்ன?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாமல் முதல் இரண்டுக்கு மட்டும் விடை வைத்திருப்பவர் நல்ல எழுத்தாளர் ஆகலாம். அதுவும் குறைவான பேறு இல்லை, ஆனால் அவர் வேலையை விட்டுவிடக் கூடாது. மூன்றாவதை மட்டும் வைத்திருப்பவர் விளம்பரத்துக்குத் தாமே பணம் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்றும் அமைந்தவருக்கு நாகர்கோவிலில் இருந்தாலும் நியூயார்க்கில் இருந்தாலும் ஒன்றே. தளம் அவருக்குச் சோறு போடும், கொஞ்சம் தாமதமாக.